கூடமாட ஒத்தாசை

2021 மார்ச் 8. நான் பாடம் நடத்தும் பெண்கள் கல்லூரியில் மகளிர் தின விழா. முகக்கவசம் போட்டுக்கொண்டு கோலப்போட்டி நடந்தது. மாடிப்படி அருகே இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு பாதியை மகளிர் தினத்துக்கு ஒதுக்கியிருந்தோம். மறுபாதியில் இசை மன்றத்து மாணவிகள் ஓர் அஞ்சலிக் குறிப்பை ஒட்டியிருந்தார்கள். பாஸ்கர் மேனன், 1934–2021. நான்கு நாட்களுக்கு முன் அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸில் இறந்துபோனவர். ‘பிங்க் ஃப்ளாய்டை உலகத்துக்குக் கொண்டுபோன இந்தியர்’ என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு.

நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் குறிப்பில் இருந்திருக்க வேண்டிய ஒரு பெயர் இல்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் நான் தேடித்தேடிப் படித்த அஞ்சலிகளில் ஒன்றில்கூட அந்தப் பெயர் என் கண்ணில் படவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மேனனுக்கு உரியதை மேனனுக்குக் கொடுத்துவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா கே.ஆர்.கே.மேனன் நிதித்துறைச் செயலராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டில் இருப்பது அவருடைய கையெழுத்து. மகன் டூன் பள்ளியிலும் டெல்லி செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் படித்தார். 1957-ல் கிராமஃபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவில் சேர்ந்தார். நம் வீடுகளில் எச்.எம்.வி. என்றும், நாய் படம் போட்ட ரெக்கார்டு என்றும் சொன்னார்களே, அந்தக் கம்பெனி. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் அதன் தலைவரானார். 1968 ஜனவரியில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து இந்திய இசைக் கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தபோது, கல்கத்தாவிலிருந்து பதிவு இயந்திரத்தைப் பம்பாய்க்கு வரவழைத்துக் கொடுத்தவர் இவர்தான். 1971-ல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸுக்குத் தலைமையேற்றார். நஷ்டத்தில் கிடந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார்.

1973 மார்ச்சில் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வெளிவந்தது. அதற்கு முன்பு பிங்க் ஃப்ளாய்டின் இசைத்தட்டுகள் அமெரிக்காவில் பெரிதாக விற்றதில்லை. இந்தத் தட்டை விற்றே தீருவது என்று மேனன் இறங்கினார். விளம்பரம், வானொலி, கடைகள், எல்லா முனைகளிலும் கம்பெனியை ஓட வைத்தார். அமெரிக்காவில் அந்தத் தட்டு வென்றதற்கு மேனனின் பிடிவாதம் ஒரு காரணம் என்று குழுவின் டிரம்மர் நிக் மேசனே சொல்லியிருக்கிறார். 1973-லிருந்து 1988 வரை 741 வாரங்கள் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இருந்தது. வெள்ளைக்காரர்களின் கம்பெனியில் ஒரு மலையாளி உச்சிக்குப் போய், பிறகு இ.எம்.ஐ.யின் உலக இசை வணிகம் முழுவதற்கும் தலைவரானார் என்பது சாதாரண விஷயமில்லை. நிறவெறியின் கதவு எத்தனை கனமானது என்று தெரிந்தவர்கள் இதைச் சின்னதாகப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை.

இனி, அந்தப் பலகையில் இல்லாத பெயர். க்ளேர் டோரி.

அந்த இசைத்தட்டில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. பாட்டு என்கிறோமே தவிர அதில் பாடல் வரிகள் கிடையாது. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ, அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். சாவைப் பற்றியது. அந்தக் குரல் அலறுகிறது, கெஞ்சுகிறது, அடங்குகிறது, மறுபடி எழுகிறது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவுக்குக் கூலிக்குப் பாட வந்த 25 வயதுப் பெண் அவர். சொற்கள் வேண்டாம் என்றார்கள். மெட்டும் கொடுக்கவில்லை. குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் அந்த மெட்டை நின்ற இடத்தில் உண்டாக்கினார். சில மணி நேர வேலை. கூலி 30 பவுண்டு; அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைக் கூலி. தன் பாட்டைத் தட்டில் சேர்ப்பார்கள் என்றே அவர் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்துவிட்டது என்பது கடையில் தட்டைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

உறையில் அவர் பெயர் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில். இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டும் இருந்தது. ரெக்கார்டு கம்பெனியில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது வெறும் மரியாதை வித்தியாசமல்ல, காசு. இயற்றியவருக்கு ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் பங்கு வரும். கூலிக்குப் பாடியவருக்குக் கணக்கு அன்றைக்கே முடிந்துவிடும். கோடிக்கணக்கில் விற்ற தட்டில் அந்தப் பெண்ணின் கணக்கு 30 பவுண்டோடு மூடப்பட்டிருந்தது. 2004-ல் அவர் குழுவின்மீதும் இ.எம்.ஐ.மீதும் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசமானது. அதன்பிறகு வந்த பதிப்புகளில், குரல் பகுதியை இயற்றியவர் க்ளேர் டோரி என்று அச்சிடுகிறார்கள். 32 வருடங்கள் ஆயிற்று.

லண்டனில் நடந்த பதிவுக்கும் அமெரிக்காவில் இருந்த மேனனுக்கும் நேரடித் தொடர்பில்லை. அந்தக் கூலியை நிர்ணயித்தவர் அவர் அல்ல. ஆனால் நான் பேசுவது தனி மனிதர்களின் குற்றத்தைப் பற்றியல்ல, நினைவின் கணக்கைப் பற்றி. விற்றவரை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரிந்த நமக்கு, அந்தத் தட்டில் மெட்டை உண்டாக்கிய பெண்ணை நினைவில் வைக்க ஏன் தெரியவில்லை? ஏனென்றால் நினைவு, சம்பளப் பட்டியலைப் பார்த்தே எழுதப்படுகிறது. பட்டியலில் ‘தலைவர்’ என்று இருப்பவர் வரலாறாகிறார். ‘ஒருநாள் கூலி’ என்று இருப்பவர் சுவையான துணுக்கு ஆகிறார்.

இது எனக்குப் பிங்க் ஃப்ளாய்டைக் கேட்டுத் தெரிந்ததல்ல. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் தெரிந்தது.

காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வது. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். இதற்கு மூன்று நாடா வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கு இரண்டு. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் மூன்றையும் எறிய முடியாது. வலப்பக்கம் ஒரு பலகை போட்டு இன்னொருவர் உட்கார வேண்டும். அந்தக் கடைசிக் கரையின் நாடாவை அவர் வாங்கி, கோத்து, திருப்பி எறிய வேண்டும். ஒரு நொடி பிந்தினால் தறி நிற்கும். ஓர் இழை தவறினால் கோர்வை பல்லிளிக்கும். இரண்டு பேர் நெய்தால்தான் ஒரு கோர்வைப் புடவை. இதில் உவமை ஒன்றுமில்லை, வேலை முறையே அதுதான்.

அந்தப் பலகையில் பெரும்பாலும் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் பலர் அப்படிப் பள்ளியை விட்டவர்கள். எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்தாள். நான் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்தாள். 1979-லிருந்து 30 வருடம். அதற்கு முன் விடியற்காலையில் எழுந்து ராட்டையில் தார் சுற்றிவைப்பாள். பாவு தீர்ந்து புதுப் பாவு வந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க உட்காருவாள். ஆயிரக்கணக்கான இழைகள். நடுவில் உலை வைப்பாள், துணி துவைப்பாள். அப்பா நல்ல நெசவாளி. குடிக்காதவர், அடிக்காதவர். இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெண் உழைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கெட்ட புருஷன் கதை வரும் என்று காத்திருக்கிறார்கள். எங்கள் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் அது நடந்தது.

அப்பா 2011-ல் இறந்தார். அம்மாவுக்கு உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அட்டை அப்பா பெயரில். சங்கத்து உறுப்பினர் அப்பா. கூலி வாங்கிய கணக்கெல்லாம் அப்பா பெயரில். பெண் உறுப்பினராகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு தறிக்கு ஒரு பெயர் என்பதுதான் வழக்கம், அந்த ஒரு பெயர் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. அந்த அலுவலர் நல்ல மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

“நீங்க நெசவு செய்யலியேம்மா. கூடமாட ஒத்தாசைதானே செஞ்சீங்க?”

அம்மா தலையாட்டினாள். அதுதான் இன்றுவரை என்னைச் சுடுகிறது. அவர் சொன்னதல்ல, அம்மா தலையாட்டியது. முப்பது வருடம் கோத்த கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஆமாங்க சார், ஒத்தாசைதான்” என்றாள்.

நம் மொழியில் இதைவிட இனிமையாகத் திருடும் சொல் எனக்குத் தெரியவில்லை. ‘கூடமாட ஒத்தாசை.’ கேட்கும்போது அன்பு மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: வேலை அவனுடையது, நீ பக்கத்தில் இருந்தாய். வயலில் நாற்று நடுபவள், கடையில் கல்லாவுக்குப் பின்னால் பொட்டலம் கட்டுபவள், ஆராய்ச்சியாளரின் கையெழுத்துப்படியைத் திருத்தித் தட்டச்சு செய்பவள், எல்லோரும் ஒத்தாசை. நூலின் முன்னுரையில் கடைசி வரியில், ‘என் துணைவிக்கும் நன்றி’. அரசாங்கத்தின் பாஷையில் இதற்கு வேறு பெயர். கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர் என்று ஒரு பிரிவு. தார் சுற்றுபவர், பாவு போடுபவர் எல்லாம் சார்புத் தொழிலாளர் என்று இன்னொரு பிரிவு. 2019-20-ல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேல் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். பத்தில் ஏழு பேராக இருந்தும், நெசவாளர் என்று சொன்னதும் உங்கள் மனதில் வரும் முகம் யாருடையது என்று ஒரு நிமிடம் கண்ணை மூடிப் பாருங்கள்.

ஒலிப்பதிவுக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு பிங்க் ஃப்ளாய்டுக்கு வெகு முந்தையது. 1902-ல் கிராமஃபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவர் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லுவார். அது கலைஞருக்குச் செய்த மரியாதை அல்ல. தட்டுகளை அச்சடித்தது ஜெர்மனியின் ஹானோவரில்; அங்கிருந்தவர்களுக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரிய வேண்டும், அதற்காக. தொழிற்சாலையின் வசதிக்காக ஆனாலும் ஒரு பெண் தன் வாயால் தன் பெயரைச் சொன்னாள், அது பதிந்தது.

தெற்கிலும் ஆரம்ப கால இசைத்தட்டுகளில் பாடியவர்களில் பலர் தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். எங்கள் ஊரிலிருந்து தனகோடி அம்மாள். ‘குலப்பெண்கள்’ சபையில் பாடக் கூடாது என்றிருந்த காலம். பாடத் தெரிந்து, பாடும் உரிமையும் இருந்தவர்கள் இவர்கள்தான். கம்பெனிகளின் முதல் வியாபாரம் இந்தக் குரல்களின் மேல் நின்றது.

தனகோடி அம்மாளும் அவருடைய சகோதரி காமாட்சி அம்மாளும் சேர்ந்து பாடிப் புகழ்பெற்றவர்கள். காமாட்சியின் மகன் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை. 1889-ல் பிறந்து 1934-ல் மறைந்தவர். லயத்தில் அவருக்கு ஈடில்லை என்று சங்கீத உலகம் இன்றும் கதை கதையாகச் சொல்கிறது. அந்தப் புகழ் நியாயமானது. ஆனால் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். நாயனா பிள்ளை இசைத்தட்டில் பாட மறுத்தவர். அவர் குரலை இன்று யாராலும் கேட்க முடியாது. சித்தியின் குரல் தட்டில் இருக்கிறது. கேட்க முடியாத குரலுக்கு ஊரெல்லாம் நினைவு. கேட்க முடிந்த குரலுக்கு ‘நாயனா பிள்ளையின் சித்தி’ என்ற அடைமொழி. சான்று இருந்தால் பெண்ணை நினைவில் வைப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கும் தோழிகளுக்காக இதைச் சொல்கிறேன். சான்று மட்டும் போதாது. அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய்க்கு ஒரு மேடை வேண்டும்.

புகழின் உச்சியிலேயே இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். எம்.எஸ்.சுப்புலட்சுமி. அவர் பாடிய ‘வெங்கடேச சுப்ரபாதம்’ 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்டது, மேனன் அந்தக் கம்பெனியில் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அதன் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்குப் போனது. எம்.எஸ். மனமுவந்து கொடுத்தார், அவருடைய கொடை அவருடைய உரிமை. நான் கேட்பது இதுதான்: ஒரு பெண்ணின் குரல் சம்பாதித்த பணத்தில் நடந்த பாடசாலையில், அந்தக் குரலுக்கு உரியவள் சிறுமியாக வந்து நின்றிருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்களா? வேதம் படிக்க ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இந்த முரண் கண்ணில் படாமல் அறுபது வருடமாக விடிகாலையில் அந்தத் தட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவர் உடுத்திய நீலப் பட்டுக்கு ‘எம்.எஸ். புளூ’ என்று பெயர். எங்கள் ஊர் முத்துச் செட்டியார் தந்த நிறம் என்பார்கள். உடுத்தியவர் பெயர் இருக்கிறது, தந்தவர் பெயர் இருக்கிறது. சாயத் தொட்டியில் கை நனைத்தவர்கள், அந்த நீலத்தைத் தாரில் சுற்றியவர்கள், பலகையில் உட்கார்ந்து கரை கோத்தவர்கள்? காஞ்சிப் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்கே பெயர் பதிவாகிவிட்டது. பலகையில் உட்கார்ந்தவளுக்கு இன்னும் ஆகவில்லை.

இந்தக் கட்டுரையை வாசித்துப் பார்த்த நண்பர்கள் மூன்று ஆட்சேபங்களைச் சொன்னார்கள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: “க்ளேர் டோரி ஒத்துக்கொண்டுதானே அந்தக் கூலியை வாங்கினார்?” ஆமாம். அம்மாவும் ஒத்துக்கொண்டுதான் தலையாட்டினாள். வேறு வழி இருப்பதே தெரியாத இடத்தில் கிடைக்கும் சம்மதத்தை ஒப்பந்தம் என்று சொல்வது கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். அவரைப் பாட அழைத்தவர்கள் வாங்க நினைத்தது ஒரு குரலை. அவர் கொடுத்ததோ ஒரு மெட்டு. கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்தவளிடம், கேட்டதற்கு மட்டும்தானே கூலி பேசினோம் என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது: “குடும்பத்தில் என்ன உன்னது என்னது? கூலி எல்லாம் ஒரே உலைக்குத்தானே வந்தது?” உலை ஒன்றுதான். அட்டை ஒன்று என்பதுதான் பிரச்சினை. உலை பொங்கும் வரைக்கும் யார் பெயரில் இருந்தால் என்ன என்று தோன்றும். சாவு வந்ததும், கடன் கேட்டுப் போனதும், கணவன் விட்டுப் போனதும் அட்டையில் இருக்கும் பெயர்தான் பேசும். குடும்பம் என்ற சொல் பெண்ணின் பெயரை அழிக்கப் பயன்படும் அளவுக்கு, அவளைக் காப்பாற்றப் பயன்படுவதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு வலித்தது. “பாவம், ஒரு மனுஷன் செத்த நேரத்தில் இதையெல்லாம் பேசணுமா?” பேசணும். சாவு வீட்டில்தான் சொத்துக் கணக்கு எழுதப்படுகிறது, நினைவுச் சொத்தும் அப்படித்தான். அஞ்சலியில் யார் பெயர் விடுபடுகிறதோ, அது நாளைய பாடப்புத்தகத்திலும் விடுபடும். மேனனை அஞ்சலியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விடச் சொல்கிறேன். ஒரு மலையாளியின் பெயரை வெள்ளைக்கார வரலாறு விடுபட்டுவிட்டதே என்று நாம் கோபப்படுகிறோம் இல்லையா? அதே கோபம் நம் வீட்டுப் பலகைவரை வரட்டும்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டாள். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

“யாரு செத்துட்டாங்க அந்தப் பொண்ணுக்கு? எழவு வீட்டு அழுவ மாதிரி இருக்கு.”

சொல் இல்லை, மொழி இல்லை. அம்மாவுக்கு அது ஒப்பாரி என்று தெரிந்துவிட்டது. கதையைச் சொன்னேன்.

“எவ்ளோ குடுத்தாங்க?”

“முப்பது பவுண்டும்மா.”

“முப்பது பவுனா? நெறையாச்சேடி.”

தங்கப் பவுன் இல்லை, அந்த ஊர்ப் பணம், அன்றைய கணக்கில் நம் ரூபாய்க்கு அறுநூறுகூட வராது என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்குக் கூலிக் கணக்கு தெரியும்.

“அப்புறம் பேரு போட்டாங்களா?”

“போட்டாங்க. முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு, கேஸ் போட்டதுக்கு அப்புறம்.”

“அவளுக்கு டேப்புல குரல் இருந்துச்சு, காட்டிட்டா. நான் எதைடி காட்டுவேன்? எல்லாப் பொடவையும் வித்துப்போச்சே.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்து ஒரு பதில் வைத்திருக்கிறேன். எங்கோ யாருடைய பீரோவிலோ அம்மா கோத்த கரைகள் இருக்கின்றன. முப்பது வருடத்துப் புடவைகள். கல்யாணத்துக்கு எடுத்தவை, சீமந்தத்துக்கு உடுத்தியவை, மகளுக்குக் கொடுத்தவை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவரிடம் அதில் ஒன்று இருக்கலாம். விரித்துப் பாருங்கள். இரண்டு கரைகளில் ஒன்றைக் கோத்த கைக்கு ரசீதிலும் சங்கத்துக் கணக்கிலும் பெயர் கிடையாது.

மறுநாள் கல்லூரிக்குப் போனபோது, இசை மன்றத்து மாணவிகளிடம் க்ளேர் டோரியைப் பற்றிச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவர்களுக்கு. பலகையில் மேனன் படத்துக்குக் கீழே இன்னொரு தாளை ஒட்டினார்கள். க்ளேர் டோரி, 30 பவுண்டு, 32 வருடம். அதற்கும் கீழே இடம் இருந்தது. ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மேடம், எங்கம்மாவும் தறியில பலகையிலதான் உக்காருவாங்க. பேர் எழுதலாமா?” எழுதினாள். ‘நெசவாளர்’ என்று பக்கத்தில் போட்டாள். இன்னும் நான்கைந்து பேர் எழுதினார்கள். இரண்டு வாரத்தில் நோய்த்தொற்று கூடி கல்லூரியை மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தபோது தாள் வெளிறிப் போயிருந்தது, யாரோ கிழித்து எடுத்துப் புது அட்டவணை ஒட்டினார்கள்.

பலகையில் எழுதியது அவ்வளவு நாள்தான் நிற்கும். அட்டையில் எழுத வேண்டும். கோர்வைத் தறிக்கு இரண்டு நெசவாளர் என்று பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். கூலி இரண்டு பெயரில் வர வேண்டும், வங்கிக் கணக்கு தனியாக இருக்க வேண்டும், ஓய்வூதியம் இருவருக்கும் வர வேண்டும். இதை யாரோ வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தறி வீட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் நீங்கள்தான் மனு எழுதத் தெரிந்த முதல் தலைமுறை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். அம்மா பெயரை எழுதுங்கள். தொழில் என்ற இடத்தில் ‘நெசவாளர்’ என்று எழுதுங்கள். அவள் “இல்லடி, ஒத்தாசைதான்” என்பாள். அடித்து எழுதாதீர்கள்.